அந்தப் பென் டிரைவில் பிழையில்லை



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நேரம் இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் இந்த முதல் பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள். இரண்டு கிழமையாக ஊரில் ஒரு கதை ஓடுகிறது. பள்ளிக்கூட ஒபிஸ் கம்பியூட்டர் பழுதாகி பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் அழிந்துவிட்டதாம். பேக்கப் செய்து தருகிறேன் என்று காசு வாங்கிய பொடியன் ஓடாத பென் டிரைவ் ஒன்றைத் தந்து ஏமாற்றிவிட்டானாம். கம்பியூட்டர் பழுதானது உண்மை. மற்றது பொய். அந்தப் பொய்யை முதன்முதலில் வாயால் சொன்னவன் நான்தான்.

பொடியனின் பெயரை இங்கே போடமாட்டேன். ஊருக்குத் தெரியும். தரம் 9இல் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். படிக்கிற காலத்திலேயே மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றி என்னிடம் ஏச்சு வாங்கியவன். இப்போது சின்னதாக ஒரு கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னர் எங்கள் ஒபிஸ் கம்பியூட்டரைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, முழு ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே படம் பிடித்த மாதிரி ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிற ஒழுங்கைச் செய்து தந்தவன் அவன்தான். கூடவே ஒரு பென் டிரைவும் தந்தான். "சேர், ஒரு நாளைக்கு விண்டோஸ் எழும்பாட்டி இந்தப் பென்ன குத்தி ஓன் பண்ணுங்க. இதுலரிந்தே மெஷின் எழும்பும். பொறகு பேக்கப்ப திருப்பிப் போடலாம்" என்றான். நான் அதை வாங்கி ஒபிஸ் லாச்சிக்குள் போட்டேன். மூன்று வருடமும் அது லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பியூட்டர் எழும்பவில்லை. விண்டோஸின் அந்தச் சின்னப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணித்தியாலம். அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால்தான் பயம். சாதாரண தரப் பிள்ளைகளின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளை ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. அத்தனை புள்ளியும் அந்த மெஷினுக்குள். மூன்று வருட தவணைப் புள்ளிகள், விடுகைப் பத்திரங்களின் விபரம், உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியல் எல்லாம் அதற்குள்தான்.

நான் அதிபரிடம் மிகவும் நிம்மதியாகச் சொன்னேன்: "பயப்படாதீங்க சேர், பேக்கப் இரிக்கி. பென் இரிக்கி."

பென்னைக் குத்தி, எஃப்12 அமத்தி, பட்டியலில் பென்னைத் தெரிவு செய்தேன். திரையில் அந்த மென்பொருளின் லோகோ வந்தது. அவ்வளவுதான். லோகோ அப்படியே நின்றது. மவுஸ் அம்புக்குறி கூட இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பட்டனை அமத்தி நிறுத்தினேன். திரும்பவும் போட்டேன். அதே லோகோ. முன்பக்கத் துளையிலிருந்து கழற்றிப் பின்பக்கத் துளையில் குத்தினேன். அதே லோகோ. அன்று லுஹர் வரைக்கும் ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்திருப்பேன்.

ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தினேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

புதன்கிழமை எங்கள் லேபில் இருக்கிற புதிய கம்பியூட்டர் ஒன்றில் அதே பென்னைக் குத்திப் பார்த்தோம். ஒன்றரை நிமிடத்தில் திறந்துவிட்டது. மெனு, பட்டன் எல்லாம் பளிச்சென்று. விஞ்ஞானம் படிப்பிக்கிற எவனுக்கும் அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும்: பென் நல்லது, பிழை ஒபிஸ் மெஷினில். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருவர், "லேப் மெஷினுக்கு ஓடுது, ஒபிஸ் மெஷினுக்கு ஓடல்லண்டா, ஒபிஸ் மெஷினுக்குத் தோதா செய்யல்ல எண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாகப் பட்டது. பிழை பென்னில் இருந்தால் அது பொடியனின் பிழை. மெஷினில் இருந்தால் அதற்குப் பொறுப்பாக இருந்த என்னுடைய பிழை.

அன்று இரவு ஆசிரியர்களின் வட்ஸப் குழுமத்தில் யாரோ நிலைமை என்ன என்று கேட்டார்கள். நான் எழுதவில்லை. வொய்ஸ் போட்டேன். "நம்மட பொடியன் தந்த பென் ஓடல்ல. காசி வாங்கத் தெரிஞ்சிரிக்கி, வேல தெரியல்ல." பதினொரு செக்கன் வொய்ஸ். சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது சந்திக் கடையில் நின்ற ஒருவர் அந்த வசனத்தையே என்னிடம் திருப்பிச் சொன்னார். அவருக்கும் ஆசிரியர் குழுமத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வியாழக்கிழமை வேறு என்னென்னவோ செய்து பார்த்தேன். அதையும் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கு இதே பிரச்சினை வந்தால் உதவும்.

மீட்புப் பென் லோகோவில் நிற்பதற்குப் பல காரணம் இருக்கலாம். பழைய முறை பயோஸில் ஓடச் செய்த பென்னை யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் திறக்கப் பார்த்தால் அல்லது மறுவளமாகச் செய்தால் அது ஓடாது. எஃப்12 பட்டியலில் ஒரே பென் இரண்டு தடவை காட்டினால், ஒன்று 'யூ.ஈ.எஃப்.ஐ.' என்ற சொல்லோடும் மற்றது இல்லாமலும் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். பார்த்தேன், இரண்டிலும் அதே கதிதான். செக்கியூர் பூட் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. பழைய மீட்புப் பென்களுக்கு நீல நிற யூ.எஸ்.பி. 3.0 துளையைத் தெரியாது, கறுப்பு நிற 2.0 துளையில் குத்த வேண்டும். அதுவும் செய்தாயிற்று. லினக்ஸில் செய்த மீட்புப் பென் என்றால் சில கிராஃபிக்ஸ் கார்டுகளில் திரை உறைந்துபோகும். தொடக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீரும். சேர்த்தேன். தீரவில்லை.

பயோஸுக்குள் போனபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. திகதி 2013 என்று காட்டியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். மதர்போட்டில் இருக்கிற அந்த வட்ட பெட்டரி, சி.ஆர்.2032, செத்துவிட்டிருந்தது. கடைக்கு ஓடிப்போய் ஒன்று வாங்கி மாற்றினேன். திகதி சரியானது. லோகோ அதே இடத்தில் நின்றது.

பிறகு மெமரியைச் சந்தேகப்பட்டேன். மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. தனியாக ஒரு பென்னில் போட்டு அதிலிருந்தே மெஷினை எழுப்பி, ரெமை ஒவ்வொரு இடமாகச் சோதிக்கும். மாலை முழுக்க ஓடவிட்டேன். பிழை 0. இப்போது யோசிக்கிறேன், அந்த இடத்திலாவது நான் நின்று சிந்தித்திருக்க வேண்டும். ஒரு பென் அதே மெஷினில், அதே துளையில், சிக்கலில்லாமல் எழும்பி மணிக்கணக்கில் ஓடுகிறது. அப்படியென்றால் மெஷினுக்குப் பென்னிலிருந்து எழும்புவதில் பிரச்சினை இல்லை. மெம்டெஸ்ட் செய்யாத, மீட்புப் பென் மட்டும் செய்கிற ஏதோ ஒரு வேலையில்தான் சிக்கல். மெம்டெஸ்ட் ஹார்ட் டிஸ்க் பக்கமே போகாது. மீட்புப் பென் எழும்பும்போதே மெஷினில் பூட்டியிருக்கிற அத்தனை டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு 'நீ யார், எவ்வளவு பெரிசு, உனக்குள் என்ன பிரிவுகள்?' என்று கேட்கும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் என் மூளை முழுக்கப் பொடியன்தான் இருந்தான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மனைவி சொன்னா: "கலியாண வீட்டுல அவன்ட உம்மாவக் கண்டன். என்னோட கதைக்கல்ல. மொகத்தத் திருப்பிட்டுப் போயிட்டா." நான் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வெள்ளன விட்டுவிடும் என்பது தெரியும்தானே. கடைசியாக ஒருக்கா என்று பென்னைக் குத்திப் போட்டேன். லோகோ வந்து நின்றது. அந்த நேரம் காவலாளி வந்து கேட்டைப் பூட்டப் போகிறேன் என்று அவசரப்படுத்தினார். நானும் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று மெஷினை நிறுத்தாமலே போய்விட்டேன். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தாமல் போனேன் என்று சொல்ல ஆசைதான். மறந்துதான் போனேன்.

ஜும்ஆ முடிந்து ஸப்பிலிருந்து எழும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து ஒபிஸைத் திறந்தால், திரையில் லோகோ இல்லை. மெனு திறந்திருந்தது.

மூன்று நாளாக உறைந்துபோய்விட்டது என்று நான் சொன்ன பென் உறைந்துபோகவே இல்லை. காத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா கழுத்தைப் பிடித்து நிறுத்தியவன் நான்தான்.

மெனுவில் டிஸ்க் பட்டியலைத் திறந்தேன். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் மட்டும் இருந்தது. அளவு இல்லை. பிரிவுகள் இல்லை. அப்போதுதான் மின்விசிறியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஒபிஸ் மின்விசிறியின் சத்தம் உங்களில் பலருக்குத் தெரியும், பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருப்பீர்கள். அதை நிறுத்திவிட்டு மெஷினில் காதை வைத்தேன். டக்... டக்... டக். கொஞ்சம் நிற்கும். திரும்பவும் டக்... டக்.

ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றும். அதற்கு மேலே ஒரு ஊசி போல வாசிக்கும் தலை ஓடும். தட்டில் ஒரு இடம் பழுதானால் தலை அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். கம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்டால் டிஸ்க் பதில் சொல்லாமல் தனக்குள்ளேயே போராடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் ஒரு கட்டளைக்கு வழமையாக 30 செக்கன் பொறுத்திருக்கும். பதில் வராவிட்டால் தொடர்பை வெட்டித் திரும்ப இணைக்கும். அதுவும் சரிவராவிட்டால் வேகத்தைக் குறைத்துத் திரும்பக் கேட்கும். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும். மீட்புப் பென் எழும்பும்போது கேட்கிற கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவும் லோகோவுக்குப் பின்னால் நடக்கும். முன்னால் நிற்கிற நமக்குத் தெரிவது உறைந்த படம் மட்டும்தான். தொடக்க வரியில் இருக்கிற 'குவைட்' என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தால் லோகோவுக்குப் பதிலாக எழுத்துகள் ஓடியிருக்கும். டிஸ்க்கின் இணைப்பு பதில் சொல்லத் தாமதிக்கிறது என்று முதல் நாளே எனக்கு எழுத்தில் வாசித்திருக்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக மெஷினை நிறுத்தி, கரண்ட் வயரைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றினேன். பென்னைக் குத்திப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் மெனு.

முன்பக்கத்துளை பின்பக்கத்துளை, பயோஸ், பெட்டரி, ரெம் என்று மூன்று நாள் சுற்றிய எனக்கு, இரண்டு வயரைக் கழற்ற நாலு நிமிடம் போனது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான்.

பொடியனுக்கு அழைப்பு எடுத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "சொல்லுங்க சேர்" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. நான் முதலில் மாப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டிஸ்க்கின் கதையைத்தான் முதலில் சொன்னேன். அவன் உடனே, "சேர், இப்ப ஓன்லயா இரிக்கி? நிப்பாட்டுங்க. இனி அந்த டிஸ்க்குக்கு கரண்ட் குடுக்கவே வேணாம். ஒவ்வொரு தரம் ஓன் பண்ணக்குள்ளயும் இன்னும் கொஞ்சம் சாகும்" என்றான். நான் மூன்று நாளாக எத்தனை தடவை ஓன் செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். சொல்லவில்லை.

பிறகு அவன் கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "நான் அப்பவே எழுதித் தந்தனே சேர்."

எனக்கு விளங்கவில்லை. என்னத்தை எழுதித் தந்தாய் என்று கேட்டேன். "பில்லுல" என்றான்.

மூன்று வருடத்துக்கு முந்திய பற்றுச்சீட்டு ஃபைலைத் தேடி எடுத்தேன். அவனுடைய பில் இருந்தது. என்னுடைய கையெழுத்தும் இருந்தது. கீழே அவன் பேனாவால் எழுதியிருந்தான்: 'ஹார்ட் டிஸ்க்கில் எச்சரிக்கை காட்டுது. இப்போதைக்கு ஓடும். ஒரு வருடத்துக்குள் மாற்றுவது நல்லது.' ஹார்ட் டிஸ்க்குகள் தங்களுடைய உடல்நிலையைத் தாங்களே கணக்கு வைத்திருக்கும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எத்தனை இடம் பழுதாகி மாற்றப்பட்டது, எத்தனை இடம் பழுதாகக் காத்திருக்கிறது என்று அதில் இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு இலவச மென்பொருளால் யாரும் பார்க்கலாம். அவன் அன்றைக்கே பார்த்து எழுதியிருக்கிறான். நான் தொகையை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதிபர் வாசித்துவிட்டு, "இத நானும் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டிரிக்கன் சேர்" என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே அவருக்கும் உறைத்ததா தெரியாது.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பொடியன் வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றுகொண்டே வேலையை ஆரம்பித்தான். பழைய டிஸ்க்கை மெஷினுக்குள் பூட்டாமல், லினக்ஸை முதலில் எழுப்பிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு யூ.எஸ்.பி. அடப்டரால் வெளியிலிருந்து கொடுத்தான். இன்னொரு பக்கம் அவனுடைய சொந்த 1 டிபி டிஸ்க். நடுவில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற கருவி. அது சாதாரண கொப்பி போல ஒரு பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை முதலில் அள்ளி எடுத்துவிடும். பழுதான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். எதை எடுத்தேன், எதை எடுக்கவில்லை என்று ஒரு கணக்குக் கோப்பு வைத்திருப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். அன்று இரவு கரண்ட் போகத்தான் செய்தது. தொடங்கினான்.

இதற்கிடையில் பேக்கப் இருக்கிற எக்ஸ்டேர்னல் டிஸ்க்கைக் கேட்டான். அது ஒபிஸில் இல்லை. மாரியில் வெள்ளம் வரும் என்ற பயத்தில் நான்தான் கழற்றி, சொப்பிங் பேக்கில் சுற்றி, வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். வெள்ளம் ஒபிஸுக்குள் வரவில்லை. டிஸ்க்கும் திரும்பி ஒபிஸுக்குப் போகவில்லை. ஆகவே கடைசி நாலு மாதத்துக்குப் பேக்கப்பே இல்லை. தினமும் இரவு 'பேக்கப் தோல்வி' என்று மெஷின் ஒரு சின்னச் செய்தி காட்டியிருக்கும். அதை யாரோ தினமும் காலையில் பெருக்கல் அடையாளத்தை அமத்தி மூடியிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஒரு விசாரணை போதும்.

ஞாயிறு பகல் டிடிரெஸ்கியூ முடிந்தது. கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பூட்டி, நான் ஏசிய அதே பென்னிலிருந்து மெஷினை எழுப்பி, நாலு மாதத்துக்கு முந்திய பேக்கப்பைத் திருப்பிப் போட்டான். அதற்குப் பிறகு புதிய கோப்புகளை மீட்ட பிரதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். கணிப்பீட்டுப் புள்ளிக் கோப்பை நான்தான் திறந்தேன். திறக்கும் வரைக்கும் மூச்சு விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒரு புள்ளியும் குறையவில்லை. குறித்த திகதிக்கு ஒப்படைத்தாயிற்று. ஆகவே 'பிள்ளைகளின் புள்ளி அழிந்துவிட்டது' என்று இன்னும் பயந்துகொண்டிருக்கிற பெற்றோர்களே, அழியவில்லை. தரம் 8இல் ஒரு வகுப்பின் தவணைக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. அந்த வகுப்பு டீச்சர் வழமையாகக் கொப்பியில் பேனாவால் எழுதி வைக்கிறவ. அவவின் கொப்பியைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். கம்பியூட்டர் காலத்தில் என்ன டீச்சர் கொப்பி என்று அவவை நான் பகிடி பண்ணியதுண்டு.

இனி உங்களுக்குச் சில விடயம். வீட்டில் லாப்டொப் வைத்திருக்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், சங்கங்களின் கணக்கைக் கம்பியூட்டரில் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள்.

மீட்புப் பென் ஒன்று செய்தால் அன்றைக்கே அதிலிருந்து மெஷினை எழுப்பிப் பாருங்கள். மெனு வருகிறதா, மெனுவில் உங்கள் டிஸ்க் தெரிகிறதா, பேக்கப் கோப்பு தெரிகிறதா என்று மூன்றையும் பாருங்கள். மெனு வந்தும் டிஸ்க் தெரியாமல் போவதுண்டு. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய சில லாப்டொப்களில் வி.எம்.டி. என்ற அமைப்பு இருக்கும். அதற்குரிய ட்ரைவரைப் பென்னில் சேர்க்காவிட்டால் உள்ளே இருக்கிற எஸ்.எஸ்.டி.யையே காட்டாது. மெஷினை மாற்றினால் பென்னையும் திரும்பச் செய்து பாருங்கள்.

லோகோ நின்றுவிட்டால் கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அமத்துங்கள். அந்தச் சின்ன லைட் மாறி மாறி எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். லைட் மாறாவிட்டாலும் உடனே பென்னைக் குறை சொல்லாதீர்கள். 2025 ஒக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டால் மீட்புத் திரையில் யூ.எஸ்.பி. மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் போனது. மைக்ரோசொஃப்டே ஒப்புக்கொண்டு ஒரு கிழமைக்குள் திருத்தம் வெளியிட்டது. அந்த நாட்களில் மீட்புத் திரைக்குப் போனவர்கள் மெஷின் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். உண்மையில் கையைத்தான் கட்டிப்போட்டிருந்தது.

அடுத்தது, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிடுங்கள். பிரிண்டர், வெளி டிஸ்க், கார்ட் ரீடர். பிறகு, முடியுமென்றால், உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றியதும் பென் எழும்பினால் உங்கள் டிஸ்க்குத்தான் வருத்தம். அதை மேலும் மேலும் ஓன் பண்ணாமல் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள். டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிட வேண்டாம். சாகிற டிஸ்க்குக்கு அது இன்னும் வேலை வைக்கும்.

புதிய விண்டோஸ் 11 லாப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்ளே போகிறவர்களுக்கு இன்னொன்று. உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். மீட்புப் பென் நன்றாக எழும்பினாலும் 48 இலக்கச் சாவி இல்லாமல் உள்ளே இருக்கிற ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே பார்த்து ஒரு கடதாசியில் எழுதி, லாப்டொப் பேக்குக்குள் வைக்காமல், வேறு இடத்தில் வையுங்கள்.

கணக்குக்கு வருவோம்.

அந்த வொய்ஸைக் குழுமத்திலிருந்து அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் அழியும் என்றது. அழிந்திருந்தாலும் சந்திக் கடையில் இருப்பதை யார் அழிப்பது? அந்தக் கிழமையில் இரண்டு பேர் அவனிடம் திருத்தக் கொடுத்த லாப்டொப்பைத் திருத்தாமலே திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு அலுவலகம் பேசி வைத்திருந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. இதை அவன் சொல்லவில்லை. அவனுடைய கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிற காக்கா சொன்னார். அந்த இரண்டு பேரும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நான் சொன்னது பிழை. அவனுடைய வேலையில் பிழையில்லை. பில்லின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மறைத்திருக்கிறேன், எழுத்தை மறைக்கவில்லை. என்னுடைய கையெழுத்தையும் மறைக்கவில்லை. ஆசிரியர் குழுமத்திலும் நேற்று இதையே வொய்ஸாகப் போட்டேன். இது பதினொரு செக்கனில் முடியவில்லை. எவ்வளவு தூரம் போகும் என்றும் தெரியாது. முதலாவது வொய்ஸைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள்.

மூன்று நாளைக்கு முன்னர் இஷாவுக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனேன். உம்மா கதவைத் திறந்தா. நான் ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு உள்ளே போனா. பொடியன் வந்தான். முற்றத்தில் நின்றுகொண்டே மாப்புக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல சேர்" என்றான். பரவாயில்லை என்பது போல எனக்குக் கேட்கவில்லை. உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் வைத்தா.

பையிலிருந்து பென்னை எடுத்து அவனிடம் கொடுத்தேன். புதிய டிஸ்க்குக்குத் தோதாகத் திரும்பச் செய்து தரவேண்டும் என்று கேட்டேன். இந்த முறை பில்லை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தான். உள்ளே போய் லாப்டொப்பைக் கொண்டுவந்து அங்கேயே செய்தான். முடிந்ததும் பென்னில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதன் மேல் அன்றைய திகதியை எழுதினான்.

"நாளைக்கு ஒபிஸ்ல ஒருக்கா போட்டுப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க சேர்" என்றான்.

அடுத்த நாள் காலையில் போட்டுப் பார்த்தேன். நாற்பது செக்கனில் மெனு வந்தது. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.